கரிசல் மண்ணில் பிளாஸ்டிக் நறுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், கோவில்பட்டி பக்கம் கரிசலில் வீடு கட்டுகிறேன். தண்ணீர் பாட்டிலை நறுக்கி மண்ணில் கலந்தால் சுவர் வெடிக்காது என்கிறார்களே?

பதில்: வீட்டுக்கு அதை நம்பாதீர்கள். கரிசலில் உள்ள மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண் மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். பிளாஸ்டிக் அந்தக் குணத்தை மாற்றாது. மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிப்போமே, அந்த வேலையைத்தான் செய்யும். உப்பல் கொஞ்சம் குறையும், நிற்காது. மண் பரிசோதனை செய்துவிட்டு, அடியில் குமிழ் போல அகன்ற அண்டர் ரீம்டு பைல் என்ற அஸ்திவாரத் தூண் போடுங்கள். ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்கு, பொதுவாக மூன்றரை மீட்டர் வரை, அது இறங்க வேண்டும்.

கேள்வி: அப்புறம் எதற்குத்தான் உதவும்?

பதில்: சாலைக்கு அடிமண்ணாக. நனைந்த கரிசலின் சி.பி.ஆர். (சாலை போட மண் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் அளவு) பெரும்பாலும் 2, 3 சதவீதம்தான். அதனால் மேலே ஜல்லியைக் கனமாகக் கொட்ட வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு சேர்த்தால் களிமண்ணோடு வினைபுரிந்து உப்பலை அடக்கும், மண்ணும் இறுகும். ஆனால் இறுகிய மண் பிஸ்கட் மாதிரி பட்டென்று உடையும். அந்த இடத்தில்தான் நறுக்கு கைகொடுக்கிறது: விரிசல் விட்டாலும் இழுத்துப் பிடிக்கும். சுண்ணாம்பும் நறுக்கும் சேர்ந்த ஜோடிதான் என் தேர்வு.

கேள்வி: எவ்வளவு கலக்கலாம்?

பதில்: எடையில் அரை சதவீதத்தில் ஆரம்பித்து, ஆய்வகத்தில் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ வரும். அதிகம் போட்டால் வழவழப்பான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, பலம் குறைந்துவிடும். மண்ணை உலர்த்தி, கட்டி உடைத்து, உலர்ந்தபடியே கலந்த பிறகுதான் தண்ணீர். நான் முதல் தடவை ஈரக் களியில் கொட்டிவிட்டு நறுக்கெல்லாம் பந்து பந்தாய்ச் சுருண்டதைப் பார்த்தவன்.

கேள்வி: மதுரையில் கண்டுபிடித்த பிளாஸ்டிக் ரோடு இதுதானே?

பதில்: இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் (2018இல் பத்மஸ்ரீ பெற்றவர்) செய்தது, சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசித் தாரோடு கலப்பது. இங்கே சூடே கிடையாது.

கேள்வி: குப்பையை மண்ணுக்குள் புதைப்பது சரியா அண்ணே?

பதில்: எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. மேலே தார் மூடிய சாலைக்கு அடியில் என்றால் சம்மதிப்பேன். கண்மாய்க் கரை, வரப்பு, கிணற்றோரம் என்றால் மாட்டேன். மண் அரித்தால் துண்டுகள் தண்ணீருக்கும் வயலுக்கும் போய்விடும், பொறுக்கி எடுக்க முடியாது.