அம்மாவுக்கு மட்டும் ஏன் சிலிண்டர்?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். வயது 23. சொந்த ஊர் பாலக்கோடு. இப்போது குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறோம். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. வீடுகளுக்கு பைப்பில் கேஸ் கொடுக்கும் வேலையை எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஒன்றரை வருடமாக சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பள்ளம், பைப், ஃபைல் என்று நாள் ஓடுகிறதே தவிர முன்னேற்றம் இல்லை. ஆள் பற்றாக்குறையால் நான் போகாத சைட்டின் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுகிறேன். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்கிறார்கள். பெங்களூரில் பைப்பிங் டிசைன் கோர்ஸ் படித்தால் கேஸ் கம்பெனியிலேயே நேரடி வேலை கிடைக்கும் என்கிறான் நண்பன். ஃபீஸ் 85 ஆயிரம். அக்கா கல்யாணக் கடனே இன்னும் பாக்கி இருக்க, அம்மா தோட்டை அடகு வைக்கிறேன் என்கிறாள். எங்கள் தெருவுக்கும் லைன் வந்துவிட்டது, நான்தான் இப்போதைக்கு சிலிண்டரே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் அனுபவம் பெற்று மேலே வர என்ன வழி?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: கோர்ஸ் படிக்கலாமா, கம்பெனி ரோலுக்கு எப்படிப் போவது என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. பொறுமையாக இருங்கள், நல்ல காலம் வரும் என்று எழுதினால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் வேலை சுலபம். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள், தம்பி. தெருவுக்கு லைன் வந்தும் அம்மாவுக்கு வேண்டாம் என்று தடுத்தது நீங்கள். ஏன்?

டெபாசிட் காசு என்று சொல்லாதீர்கள். அக்கா கல்யாணக் கடன்வரை எழுதியவர் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். பைப் கேஸ் காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் கனம், தரையோடு தேங்கும். அதனால் பைப்தான் பாதுகாப்பு என்று வாசல் வாசலாகப் போய் மற்ற வீட்டுப் பெண்களிடம் நீங்களே சொல்லியிருப்பீர்கள். சொன்னது உண்மையும்கூட. அப்படியிருந்தும் உங்கள் அம்மாவை மட்டும் சிலிண்டரோடு நிறுத்தினீர்கள் என்றால், உங்களுக்குப் பயம் கேஸைப் பார்த்து அல்ல. அந்தத் தெருவின் ஃபைலில் யார் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் இப்படித்தானாம். உங்கள் அப்பா கேட்டில் உட்கார்ந்து, வராத லாரியை வந்ததாக ரிஜிஸ்டரில் எழுதுவாரா? எழுதினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அதுவாவது சரக்குக் கணக்கு. உங்களுடையது அடுப்படிக் கணக்கு. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லித்தான் நம் ஊரில் பாதிப் பொய்க் கையெழுத்து விழுகிறது. குடும்பப் பாசம் பெரிதுதான், நான் மறுக்கவில்லை. அது சொந்த வாசற்படியோடு நின்றுபோனால் எனக்குக் கோபம் வரும்.

அனுபவம் வேண்டும் என்கிறீர்கள். போகாத சைட்டில் என்ன அனுபவம் வரும்? ஒன்றரை வருடம் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொள்ளலாம்; பாதி பேப்பர்தான். மண்ணுக்குள் போகும் எம்டிபிஇ என்ற பிளாஸ்டிக் பைப்பில் ஒரு ஜாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரேப்பரை வைத்து மேல்தோலை முழுச் சுற்றுக்கும் சுரண்ட வேண்டும். ஆக்சிடைஸ் ஆன அந்த மெல்லிய படலம் துளி மிச்சமிருந்தாலும் பைப்பும் அதை இணைக்கும் கப்ளரும் ஒன்றாக உருகிச் சேராது. துடைத்த பிறகு கை படக்கூடாது. எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அதுவரை கோடு போட்டு, நேராக நிறுத்தி, கிளாம்ப் மாட்டி, அப்புறம்தான் உருக்கி ஒட்டும் ஃபியூஷன் மெஷின். உருகியதைக் காட்டும் கப்ளரின் இன்டிகேட்டர் எழும்பிவிட்டதே என்று உடனே கிளாம்பைக் கழற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. ஆறும் நேரம் கப்ளரிலேயே அச்சடித்திருக்கும். சரியாக ஆறியதும் அவசரத்தில் அசைந்ததும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். மோசமான ஜாயின்ட்கூட டெஸ்ட் அன்றைக்குத் தாங்கிவிடக் கூடும். சாயங்காலம், தூறல் வேறு, ஜேசிபிக்காரர் மணிக்கணக்கைச் சொல்லிச் சத்தம் போடுகிறார்; அப்போது ‘இன்னும் ஆறவில்லை, தொடாதே’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உங்களுக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இன்னொன்று கேட்கிறேன். டெஸ்ட்டுக்காகப் பகல் வெயிலில் பைப்பில் ஏற்றிய பிரஷர் விடியற்காலையில் இறங்கியிருக்கிறது. லீக்கா, ஓசூர் குளிரா? கேஜ் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷரையும் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்தவருக்குப் பதில் தெரியும். இன்டர்வியூவில் இதைக் கேட்டால் கையெழுத்து மட்டும் போட்டவர் விழிப்பார். அந்தப் பெங்களூர் கோர்ஸும் கைகொடுக்காது. பைப்பிங் டிசைன் கோர்ஸ்கள் பெரும்பாலும் ரிஃபைனரி, கெமிக்கல் ப்ளான்ட் பைப்பிங்குக்கானவை. அவர்களுடைய விதிநூல் ஏஎஸ்எம்இ பி31.3, உங்கள் தொழிலுக்கு பி31.8. தோடு அம்மா காதிலேயே இருக்கட்டும். 23 வயதுப் பையன் பெற்றவளின் நகையை வைத்துப் படிப்பதை, அதுவும் தொழிலுக்கு ஒட்டாத படிப்பைப் படிப்பதை, என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் பாலக்கோட்டுக்காரர். கொச்சி–பெங்களூர் பைப்லைன் விளைநிலத்தில் வரக்கூடாது என்று 2013-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி உள்பட ஏழு மாவட்ட விவசாயிகள் போராடியது உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்கும். 2016-ல் உச்ச நீதிமன்றம் பைப்லைனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சந்தேகம் மட்டும் ஊரில் அப்படியே இருக்கிறது. 2014 ஜூனில் ஆந்திராவில் ‘நகரம்’ என்ற பெயருள்ள கிராமத்தில் கேஸ் லைன் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் நம் ஜனங்கள் மறக்கவில்லை. அது பெரிய லைன். வீட்டு அடுப்புக்கு வருவது 21 மில்லிபார் என்ற மிகக் குறைந்த பிரஷர்தான், இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஆனாலும் இந்த ஊரில் ஒரு வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து சரி என்றால், அது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன சரி.

என்ன செய்வது? நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளை எல்லாம் தெரு, தேதி, ரிப்போர்ட் நம்பரோடு ஒரு பட்டியலாக எழுதுங்கள். கான்ட்ராக்டரிடம் ஒன்று, கேஸ் கம்பெனியின் சேஃப்டி இன்ஜினீயருக்கு ஒன்று, மெயிலில் அனுப்புங்கள், வாய்வார்த்தை போதாது. அந்த இடங்களை மறுபடி டெஸ்ட் செய்யட்டும். வேலை போகலாம். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலை நிலைத்தாலும் சரி, வேறு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தாலும் சரி, ஃபியூஷன் மெஷின் ஓட்டுகிறவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் படிப்பு உங்களைவிடக் குறைவாக இருக்கலாம், அதைப் பார்க்காதீர்கள். முறையான ஃபியூஷன் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். வேலையைச் சரிபார்க்கும் வெளி இன்ஸ்பெக்டர், அதாவது டிபிஐ ஆள், வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பாமல், ஏன் ரிஜெக்ட் செய்தார் என்று கேளுங்கள். பைப் உண்மையில் எங்கே போகிறது என்று காட்டும் ஆஸ்-பில்ட் டிராயிங்கை நீங்களே அளந்து போடுங்கள். நாளைக்குச் சாக்கடைக்குத் தோண்டுகிறவர் உங்கள் பைப்பைக் கிழிக்காமல் இருப்பது அந்த அளவில்தான் இருக்கிறது. பிறகு லைனில் கேஸ் ஏற்றித் தொடங்கும் கமிஷனிங், அதன்பின் ஓடும் லைனைப் பராமரிக்கும் ஓ அண்ட் எம் என்று நகரப் பாருங்கள். ராத்திரி லீக் கம்ப்ளெயின்ட்டுக்கு ஓடுகிற டீமில் ஒரு வருடம் இருந்தவரைக் கம்பெனிகள் லேசில் விடாது. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2008-ம் வருட தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 85 ஆயிரம் தேவையில்லை. (இப்போதுதான் டிப்ளமோ முடித்த மற்ற பிள்ளைகள் மத்திய அரசின் நாட்ஸ் அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவு மூடிவிடும்.)

பட்டியலை அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கடன் தவணை ஒன்றிரண்டு தள்ளிப் போகலாம் என்பதை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும், கான்ட்ராக்டர் ஃபோனில் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.