கறள் பிடித்த எம்ஜிபி

கேள்வி: பெரியப்பா விட்டுப்போன எம்ஜிபி (MGB) என்ற திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் உவர்மலை வீட்டில் நிற்கிறது. நானே திருத்த ஆசை. முதலில் பெயின்டா, எஞ்சினா? – வாசகர், திருகோணமலை

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி, முதலில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற இரும்புப் பகுதியைப் பாருங்கள். 1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, கூரையும் இல்லை, அதனால் பலத்தில் பெரும்பங்கு அந்தச் சில்களில்தான் இருக்கிறது. நம்ம கடற்காற்றில் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கறள் தின்றிருக்கலாம். கறள் பிடித்த சில்லை வெட்டி மாற்றுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சரியாக மூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டுத்தான் வெல்டிங், தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். எஞ்சின் காத்திருக்கும்.