ஐஸ் ஹாக்கி மட்டையில் எந்த வளைவு யாருக்கு ஒத்துவரும்?

மட்டையின் அடியில் பக் எனும் ரப்பர் வட்டைத் தொடும் பலகைதான் பிளேடு. அது எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு ஆழமாக வளைகிறது என்பதை வைத்துத்தான் மட்டையைத் தேர்வு செய்ய வேண்டும்.

நுனியில் வளைந்தால் பக் நுனிப்பக்கக் குழிவில் அடங்கும். எதிராளியை ஏமாற்றி இழுத்து, சட்டென மணிக்கட்டால் அடிப்பவர்களுக்கு அது தோது. கைப்பிடித் தண்டை ஒட்டி வளைவது நீண்ட பாஸும், மட்டையை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டும் அதிகம் ஆடும் தடுப்பாட்டக்காரர்களுக்கு. நடு வளைவு எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். புதியவர்கள் இதில், அதுவும் ஆழம் குறைந்ததில் தொடங்கலாம்.

ஆழத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கரண்டியின் குழிக்குள் கோலிக்குண்டு நிற்கும், முதுகுப்புறத்தில் வழுக்கி ஓடிவிடும். பிளேடும் அப்படித்தான்: ஆழம் கூடக் கூட முன்பக்கப் பிடி கூடும், பிளேடின் முதுகுப்புறத்தால் தள்ளும் பேக்ஹேண்ட் பாஸ் கோணலாகப் போகும். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் விதிப்படி ஆழம் 0.75 அங்குலத்தைத் (19 மி.மீ.) தாண்டக்கூடாது.

ஆழமான வளைவுதான் பக்கை மேலே தூக்குகிறது என்பது தவறான எண்ணம். பெரும்பாலும் அதைத் தூக்குவது பிளேடின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்.