ஊருணியில் வசந்தம் எங்கே? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். மகனுக்கு ஒன்பது வயது. அவன் பிறந்தநாளுக்கு என் தம்பி ஒரு பைனாகுலரும், கூடவே ஓர் ஆங்கிலப் புத்தகமும் அனுப்பியிருந்தான். வசந்தகாலத்தில் ஏரிக்கரைக்குப் போனால் வலசையிலிருந்து திரும்பும் பறவைகள், கூடு கட்டும் வாத்துகள், பட்டாம்பூச்சிகள் எல்லாம் பார்க்கலாம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறது. பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும் எங்கள் ஊருணிக்குப் போகிறோம். ஒரு மீன்கொத்தி, இரண்டு முக்குளிப்பான், மேலே சுற்றுகிற குருவிகள், அவ்வளவுதான். "வசந்தம் எப்பம்மா வரும்?" என்று கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது வற்றிய கண்மாய் ஒன்றில் ஒரு பறவையைப் பார்த்தோம். முதுகு அரக்குச் சிவப்பு, தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சள். பறந்ததும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. அது என்ன? இன்னொன்று. பையன் தட்டான் பிடித்து வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைக்கிறான். போன வாரம் கோபத்தில் ஓர் அடி வைத்துவிட்டேன். அது சரியா என்று இன்னும் உறுத்துகிறது.

(பெயர் வேண்டாம் அண்ணே.)

*

அன்புள்ள தங்கைக்கு,

பறவையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் பார்த்தது மடையான். குருட்டுக் கொக்கு என்பார்களே, அதேதான். வருடத்தில் பாதி நாள் சேற்று நிறத்தில், கோடு கோடான கழுத்தோடு, மண்ணாங்கட்டி மாதிரி வரப்பில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போகிற வரை அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. வெயில் ஏற ஏறத்தான் அதற்கு இந்தக் கல்யாணச் சட்டை வருகிறது. இறக்கை மட்டும் எப்போதும் வெள்ளை. மடித்து வைத்திருப்பதால் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதில்லை.

இதைத் தெரியாமல் விட்டதற்கு வருத்தப்படாதீர்கள். நானே மூன்று வேனிலுக்கு அதை என் நோட்டில் 'புதுப் பறவை' என்று எழுதி வைத்திருந்தேன். முதல் வருடம் கேள்விக்குறியோடு, அப்புறம் கேள்விக்குறி இல்லாமல். நான்காம் வருடம் பாதி சட்டை மாற்றிய ஒன்று மடைக்குப் பக்கத்தில் நின்றது. முதுகில் திட்டுத் திட்டாக அரக்கு நிறம், கழுத்தில் பழைய கோடுகள் அப்படியே. வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்கையும் இப்போது பாருங்கள். தலையிலும் கழுத்திலும் மஞ்சளைக் குழைத்துப் பூசியது போல ஆகியிருக்கும். பையனின் கேள்விக்கு இதுதான் முதல் பதில். வசந்தம் வந்தாகிவிட்டது, மாட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

இனி அந்தப் புத்தகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. குளிரில் ஏரி உறைகிற ஊர்க்காரர் எழுதியது. அங்கே வெயில் வந்தால்தான் தண்ணீர் திறக்கும், தண்ணீர் திறந்தால்தான் பறவை. நமக்கு வெயில் எப்போதும் உண்டு, தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைகிறது. கொக்கு, நாரை, நீர்க்காகம் வகையறாக்கள் அந்த நீரை நம்பி மார்கழி, தையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிடுகின்றன. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் இருக்கின்றனவே, 1977-ல் சரணாலயமாக அறிவித்தது, அங்கே தை மாதம் போய்ப் பாருங்கள். மரம் தெரியாமல் பறவை இருக்கும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதே இடத்துக்குப் பங்குனிக் கடைசியில் போனால் வெறும் மரமும் எச்சமும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். குஞ்சுகள் பறந்து போயிருக்கும்.

ஆக, புத்தகத்தில் வசந்தம் என்றால் வருகை. வடக்கேயிருந்து குளிருக்கு நம்மூர் வந்தவை கிளம்புகிற மாதம்தான் நம்முடைய பங்குனி. நீங்கள் ஊருணிக்கு மேலே பார்த்த 'குருவி'களிலேயே இது இருக்கிறது. வால் பிளவுபட்டு, அவ்வப்போது கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காருகிறதா, அது தகைவிலான். சித்திரைக்குள் போய்விடும். அரிவாள் போல வளைந்த இறக்கையும், முதுகுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால் உழவாரன். கோபுரத்திலும் மண்டபத்து இடுக்கிலும் கூடு வைத்துக்கொண்டு இங்கேயே இருக்கும். அதன் காலுக்குக் கம்பியில் உட்காரத் தெரியாது, சுவரைப் பற்றித் தொங்க மட்டும்தான் முடியும். இரண்டும் பறந்தபடியே தாழ வந்து தண்ணீரை வாயால் கீறிக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், நீங்கள் போகிற இடம். ஊருணி குடிதண்ணீருக்காக வெட்டியது. செம்பராங்கல் அடுக்கி, படி வைத்து, செங்குத்தாக இறங்கும் கரை. தண்ணீர் ஆழம், தெளிவு. அதற்கு ஏற்ற பறவை முங்கி எழுகிற முக்குளிப்பானும் மேலேயிருந்து பாய்கிற மீன்கொத்தியும்தான். நடந்து மேய்கிற பறவைக்கு அங்கே கால் வைக்க இடம் கிடையாது. கண்மாய் வேறு. அதன் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பக்கம், தட்டு மாதிரி சரிந்து கிடக்கும். பங்குனியில் தண்ணீர் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்க, கணுக்கால் ஆழச் சேறு புதிது புதிதாக வெளியே வரும். நத்தை, புழு, குஞ்சு மீன் எல்லாம் அந்த ஓரத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளும். பைனாகுலரைத் தண்ணீரின் நடுவே திருப்பாதீர்கள். தண்ணீர் முடிந்து மண் ஆரம்பிக்கிற அந்த ஈர ஓரத்தில் திருப்புங்கள். நம்மூர் வசந்தம் முழுக்க அங்கேதான் நடக்கிறது.

போன ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் கண்மாய்க் கரையில், நாட்டுக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். ஓரத்தில் நத்தைகுத்தி நாரைகள் ஏழெட்டு. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் பாக்குவெட்டி போல இடைவெளி விட்டிருக்கும், அந்த அலகைச் சேற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறவர் மாதிரி விட்டு விட்டு எடுத்தன. அவை போன தடத்தில் காலி ஓடுகள். பவளக்காலிகள் பெயருக்கேற்ற சிவந்த காலை மெல்லத் தூக்கி வைத்து நடந்தன. அவற்றுக்கு நடுவில் மஞ்சள் வாலாட்டிகள். இவைதான் என்னைப் பத்து நாளாகக் காலையில் எழுப்புகின்றன. ஐப்பசியில் வந்தபோது சாம்பலும் அழுக்கு மஞ்சளுமாக இருந்தவை, இப்போது நெஞ்சு முதல் வால் அடி வரை கொன்றைப்பூ நிறம். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் புதுத்துணி போட்டுக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்களை வழியனுப்பிய ஊர்கள்தானே இவை.

ஆள்காட்டிக் குருவி ஒன்று விடாமல் கத்தியது. பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று எதுவும் கட்டாது. வெறும் தரையில் நான்கு முட்டை, சரளைக்கல் நிறம். மிதித்துவிடாமல் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எட்டரைக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் அது எழுந்து தண்ணீருக்கு நடந்தது, வயிறு நனைய அப்படியே குந்தியது, திரும்பி நடந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. ஈரத்துணி போட்டுப் பானையைக் குளிர வைக்கிற அதே வித்தை. மறுபடி இருபது நிமிடம் கழித்து இன்னொரு நடை. படித்துத்தான் வைத்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூச்சிகளும் அதே ஓரத்துக்குத்தான் வருகின்றன. வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பத்துப் பதினைந்து, இறக்கையை மூடிக்கொண்டு ஈர மண்ணில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. மண்ணில் ஊறிய உப்புக்காக அது. பெரும்பாலும் ஆண்கள். இந்தப் பூச்சியின் புழுதான் கொன்றை இலையையும் ஆவாரை இலையையும் தின்று வளர்வது. குளவி வேறு காரியமாக வரும். சேற்றை உருட்டி மிளகு அளவு உருண்டையாக்கி வாயில் கவ்விக்கொண்டு ஊருக்குள் பறக்கும். உங்கள் வீட்டு நிலைக்கதவு மூலையிலோ, காலண்டருக்குப் பின்னாலோ மண்கூடு இருந்தால் அது இந்தச் சேறுதான். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நடப்பது கொஞ்சம் கொடூரம். கொட்டுவது புழுவை மயக்க. அசைய முடியாத அந்தப் புழுவைத் தன் முட்டையோடு கூட்டுக்குள் அடைத்து, வாயை மூடிவிடும். வெளியே வரும் குளவி அந்தப் புழுவைத் தின்று வளர்ந்தது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது, "எப்படியோ, உள்ள போனது புழு, வெளிய வந்தது குளவி. நான் சொன்னதுல என்ன தப்பு?" என்றது. என்னிடம் பதில் இல்லை.

குளவிக்கும் மேலே ஆள் உண்டு. கண்மாய்க்கரை மண்சுவரில் இரண்டு மூன்று விரல் சேர்ந்து நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் பார்த்தால் அது பச்சைப் பஞ்சுருட்டான். இந்த மாதங்களில் கரையைக் குடைந்து உள்ளே முட்டை வைக்கிறது. குளவியையோ தேனீயையோ காற்றிலேயே பிடித்து வந்து, கொம்பில் நாலு அடி அடித்து, கொடுக்கைத் தேய்த்து நசுக்கிய பிறகுதான் விழுங்கும்.

இப்போது தட்டான். நானும் கட்டியவன்தான், அதனால் உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அடித்தது வேண்டாத வேலை என்றே நினைக்கிறேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அவனை விடியற்காலை கண்மாயின் கோரைப் பக்கம் கூட்டிப் போங்கள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கோரைத் தண்டில் காய்ந்த தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு கால், கண் குமிழ் எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. முதுகில் ஒரு கீறல், அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கும். அவை அது மூச்சு விட்ட குழாய்களின் உட்தோல். அந்தக் கீறல் வழியாகத்தான் தட்டான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் இறக்கை இல்லாமல் கிடந்து கொசுப்புழுவையும் தவளைக்குஞ்சையும் தின்றுகொண்டிருந்தது. அப்போது அதற்கு மூச்சு பின்பக்கம் வழியாக. அவசரம் என்றால் அதே வழியாகத் தண்ணீரைப் பீச்சி ராக்கெட் மாதிரி முன்னால் பாயும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல செய்தி எது? பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவான்.

ஊருணியையும் விட்டுவிடாதீர்கள். நடு மத்தியானம் ஒரு முறை போங்கள். சிவப்புத் தட்டான்கள் வாலைச் செங்குத்தாக வானத்துக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் உடம்பில் படுகிற இடத்தைக் குறைப்பதற்காக. படியோரத் தண்ணீரில் கட்டைவிரல் நகம் அளவில், இலை போலத் தட்டையாக ஒரு பழுப்புப் பூச்சி கிடக்கும். சிலவற்றின் முதுகில் எள்ளுருண்டை அப்பியது போல முட்டைகள். சுமப்பது அப்பா. அம்மா அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஏமாந்து கையில் எடுக்க வேண்டாம், நன்றாகக் கடிக்கும்.

ஒரு சின்ன ஆதங்கம். எங்கள் பக்கத்து ஊர்க் கண்மாய் ஒன்றை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு வைத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. சரிவான ஓரம் மட்டும் போய்விட்டது. பவளக்காலி நின்ற இடத்தில் இப்போது செல்ஃபி எடுக்கும் மேடை. யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, செய்யலாமா என்று கேட்டபோது ஊரே கைதட்டியது. நானும் அங்கேதான் இருந்தேன்.

சித்திரையில் தண்ணீர் இன்னும் வற்றியதும் எங்கள் ஊரில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக ஊரே உள்ளே இறங்கும். கெளுத்தி, விரால், கெண்டை என்று அள்ளிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, கலங்கிய சேற்றுக்குக் கொக்கும் மடையானும் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். பையனைக் கூட்டி வாருங்கள், பழைய செருப்பு போட்டு.

ஆனால் மஞ்சள் வாலாட்டி பார்க்க வேண்டுமென்றால் சித்திரை வரை காத்திருக்காதீர்கள். போன ஞாயிறு எண்ணியபோது பதினேழு. இன்று காலை ஆறு.