பழைய சிறிய காரின் கார்புரேட்டரை நீக்கி, மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறையைப் பொருத்தினால் என்ன மாறும்?

மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் என்பது, எஞ்சினுக்கு அந்தந்தக் கணத்தில் தேவைப்படும் பெட்ரோலைச் சிறு கணினி கணக்கிட்டு, இன்ஜெக்டர் வழியே அழுத்தத்துடன் பீய்ச்சும் முறையாகும். கார்புரேட்டரிலோ உள்ளே பாயும் காற்றே ஒரு நுண்துளை வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மலையேறும்போது காற்றின் அடர்த்தி குறைந்தாலும் நுண்துளை அதற்கேற்பச் சுருங்குவதில்லை என்பதால், கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகைபோக்கியின் வாய் கரி படிந்து கறுக்கிறது. கணினியோ காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரிகளால் அறிந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சில மில்லிவினாடிகள் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. மருந்தைக் கண்ணளவில் ஊற்றுவதற்கும் அளவுக்கோடு போட்ட ஊசிக்குழலில் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

செலவில் பலர் மறப்பது எரிபொருள் குழாய்களை. கார்புரேட்டருக்குச் சுமார் 0.3 பார் அழுத்தம் போதும்; சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வைக்கும் அமைப்புக்கோ சுமார் 3 பார் வேண்டும். வெடிப்பு விட்ட பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது, தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே, இன்ஜெக்டரைப் பொருத்துவதற்கு முன்பே குழாய்களையும் பம்பையும் மாற்றுவதே முறை என்பேன்.

இம்மாற்றத்தால் காரின் வேகம் பெரிதும் கூடும் என்று எண்ணுவது தவறு: நன்கு சரிசெய்த கார்புரேட்டரும் முழுத் திறனில் ஏறக்குறைய அதே ஆற்றலைத் தரும், மேம்படுவது குளிரில் கிளம்புவதும் சீரான ஓட்டமுமே.