ஆசிரியர் சங்கங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் மின்சாதனக் கடை நடத்துகிறேன். என் மனைவி கணிதத்தில் முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்றவர், பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கற்பிக்கிறார். அவருடைய மாதச் சம்பளம் இன்னும் இருபதாயிரத்தைத் தொடவில்லை. 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என் மகன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். செய்முறைத் தேர்வு நெருங்கிய நேரத்தில் வகுப்புகள் நின்றுபோயின. அன்றிலிருந்து ஆசிரியர் சங்கங்கள் என்றாலே எனக்குக் கசப்புதான். நல்ல ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உள்ளவர்கள் மேலும் கேட்டுப் போராடுகிறார்கள். எதுவுமே இல்லாதவர்கள் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள். இந்தச் சங்கங்களால் கல்விக்கு என்ன நன்மை? இவை இல்லாதிருந்தால் அரசுப் பள்ளிகள் மேம்பட்டிருக்கும் அல்லவா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டையும் சங்கங்களின் கணக்கிலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனின் வகுப்பு நின்றதற்குச் சங்கம் காரணம் என்பதை ஏற்கிறேன். உங்கள் மனைவியின் சம்பளம் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் இருபதாயிரத்தைத் தொடாததற்கு, அவருக்கென்று ஒரு சங்கம் இல்லாததும் முக்கியமான காரணம். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இன்று மாத இறுதியில் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அது பள்ளி நிர்வாகியின் கை வழியாக, அவர் மனம்போல வந்தது. பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைவாகக் கையில் கொடுப்பதும், கோடை விடுமுறைக்கு முன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு ஜூன் மாதம் மறுபடி சேர்த்துக்கொள்வதும் அன்றைய நடைமுறைகள். மலபார் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தபோது, அங்கே உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 1930களிலேயே இதற்கு எதிராகச் சங்கமாகத் திரண்டிருந்தார்கள். கேரளம் உருவான பின், 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்க வழிசெய்தது. பள்ளி நிர்வாகங்கள் அதை எவ்வளவு தீவிரமாக எதிர்த்தன என்பதற்கு, அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்த ‘விமோசன சமரம்’ என்ற போராட்டம் 1959 ஜூலையில் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை கலைக்கப்படும் அளவுக்குப் போனதே சான்று. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றது. இவற்றில் எதுவும் நிர்வாகிகளின் பெருந்தன்மையால் வந்ததில்லை.

உங்கள் மனைவி போன்றவர்களுக்குத் தொழிலாளர் சட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஆசிரியை தொடுத்த சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்லர் என்று அதே நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. பள்ளி தொழிற்கூடமாம், அதில் கற்பிப்பவர் தொழிலாளி இல்லையாம். இதன் விளைவாக, பள்ளியில் பேருந்து ஓட்டுபவர் தம்மை நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. கணிதம் கற்பிப்பவருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது.

சங்கம் தலையிட்டு என்ன செய்ய முடியும் என்பதை, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையின் (கிராஜுவிட்டி) கதையில் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 1997 ஏப்ரலில் கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆசிரியருக்கு அது பொருந்துமா என்ற கேள்வியை அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று, 2004இல் தோற்றது. சட்டத்தில் உள்ள ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார், வேண்டுமானால் சட்டம் இயற்றும் அவை திருத்திக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் சாரம். நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2022 ஆகஸ்டில் தள்ளுபடியானது. ஒரு சங்கம் தோற்ற வழக்கின் பயன், எந்தச் சங்கத்திலும் இல்லாத ஆசிரியர்களுக்கும் நாடு முழுவதும் கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் மகனின் பக்கம் வருகிறேன். அங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் அதிகம்.

2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் பொய்யானவை அல்ல. பழைய ஓய்வூதியம், ஊதிய நிலுவை, அங்கன்வாடிகளில் தொடங்கப்பட்ட மழலையர் வகுப்புகளுக்கு, தொடக்க வகுப்புகளில் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனாலும் செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம். ஆசிரியர் நிறுத்தினால் அரசுக்குச் சம்பளம் மிச்சம். நட்டம் பதினேழு வயது மாணவனுக்கு. அதிலும் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாதவனுக்கு. வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் அன்றும் பாடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் எப்போதும் ஏழைகளின் வகுப்பறையில்தான் நடக்கிறது என்பதைச் சங்கத் தலைவர்கள் அறியாதவர்கள் அல்லர். மாலையில் தர்ணா, விடுமுறை நாளில் பேரணி, நீதிமன்றம் என்று வேறு வழிகளை எல்லாம் முயன்ற பிறகே வகுப்பைப் புறக்கணிப்பது என்ற நெறி இருந்திருந்தால் மக்களின் ஆதரவு இவ்வளவு தேய்ந்திருக்காது.

அதே நேரத்தில், அரசின் பதிலடி எவ்வளவு தூரம் போகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2003 ஜூலையில் ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெயலலிதா அரசு ‘டெஸ்மா’ எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரமாகத் திருத்தி, ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்த வழக்கிலேயே, ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியோ அறத்தின்படியோ உரிமை கிடையாது என்று கூறியது. விசாரணைகூட இல்லாமல் இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்ப முடிகிற ஓர் அரசின் முன்னால் சங்கம் இல்லாத ஆசிரியர் எப்படி நிற்பார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சங்கங்கள் மீது எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேலைநிறுத்தத்தைப் பற்றியது அல்ல. அவை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைக் காக்கின்றன. பின்னால் வருபவர்களும் வெளியே நிற்பவர்களும் அந்தக் காவலுக்குள் வருவதில்லை. ஊழியரின் சம்பளத்திலிருந்தும் பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று ஆனது. ஒரு நாள் முன்னால் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அன்று சங்கங்களில் இருந்த அனைவரும் பழைய கணக்கில் பத்திரமாக இருந்தார்கள்; புதிய கணக்கில் விழப்போகிறவர்கள் இன்னும் வேலைக்கே வரவில்லை. எதிர்ப்பு உரிய நேரத்தில் வலுப்பெறாததற்கு இதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

இடைநிலை ஆசிரியர்களின் கதை இதைவிடக் கொடுமை. 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.8,370, மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200. ஒரே கல்வித் தகுதி, ஒரே பாடம், அடுத்தடுத்த வகுப்பறை, வேறுபாடு ரூ.3,170. பெரிய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது பல வரிகளில் ஒரு வரியாகவே நீண்ட காலம் கிடந்தது. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கி, 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகமான டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக மாதம் ரூ.5,000 ஊதியத்தில் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அப்படித்தான் தனியே போராட நேர்ந்தது. தனியார் பள்ளி ஆசிரியரோ இந்தப் பட்டியல்களில் மிக அரிதாகவே தென்படுகிறார். இடைநிலை, பட்டதாரி, முதுகலை, தலைமையாசிரியர் என்று பதவிக்கொரு சங்கம் இருப்பதால், ஒருவருடைய பதவி உயர்வு மற்றவருக்கு இழப்பாகி, சங்கத்துக்குச் சங்கம் நீதிமன்றத்தில் நிற்கும் காட்சியும் நமக்குப் புதிதல்ல.

சங்கங்கள் இல்லாதிருந்தால் அரசுப் பள்ளிகள் மேம்பட்டிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2003இல் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முன்னறிவிப்பின்றிச் சென்று எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் அது 15 விழுக்காடு, ஜார்க்கண்டில் 42, தமிழ்நாட்டில் 21 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 3,000 பள்ளிகளில் விசாரித்ததில், தொடர்ந்து வராத ஆசிரியர் வேலை இழந்ததாக ஒரே ஒரு தலைமையாசிரியர்தான் சொன்னார். பணிப் பாதுகாப்பு இப்படியும் திரிந்துபோகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தவறு செய்த உறுப்பினருக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்கும் சங்க நிர்வாகி, அந்தப் பள்ளியின் பெற்றோரைப் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் சங்கங்கள் வலுவாக உள்ள கேரளத்தின் எண்ணும் ஏறக்குறைய நம்முடையதுதான். அதன் இரு மடங்கு ஜார்க்கண்டில். சங்கத்தை மட்டும் காரணமாக்கினால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. கண்காணிப்பு, சாலை வசதி, பள்ளிக் கட்டடத்தின் நிலை என்று வேறு காரணங்களும் சேர்கின்றன.

வெளிநாடுகளைப் பார்த்தாலும் இதே குழப்பம்தான். பின்லாந்தில் ஏறத்தாழ ஆசிரியர்கள் அனைவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். அந்நாட்டுப் பள்ளிகளை உலகமே போய்ப் பார்த்து வந்தது. மெக்சிகோவிலோ சங்கத்தின் பிடியில் ஆசிரியர் பணியிடங்கள் விற்கப்பட்டன, வாரிசுக்குக் கைமாறின. அதன் தலைவி எல்பா எஸ்தர் கோர்தில்யோ 2013இல் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டில் கைதானார்.

கல்விக்கு நேரடியாகப் பயன்பட்ட சங்கக் கோரிக்கைகளும் உண்டு. பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசின் எமிஸ் இணையதளத்தில் ஓயாமல் விவரங்களைப் பதிவேற்றச் சொன்னதை ஆசிரியர்கள் எதிர்த்தது தங்கள் நேரத்துக்காக மட்டும் என்று நான் கருதவில்லை. இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு உட்கார்ந்தால் ஐந்து வகுப்புகளையும் மற்றவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் தரம் என்ற சொல் வரும்போது சங்கங்கள் தடுமாறுகின்றன. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இருபது ஆண்டு கற்பித்தவரைத் தேர்வெழுதச் சொல்வது அநியாயம் என்றன. அந்த வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. அந்தத் தேர்வு வேண்டாமென்றால் ஒருவர் நன்றாகக் கற்பிக்கிறாரா என்பதை எப்படி அறிவது என்று கேட்டால், சங்கங்களிடம் சொந்தமாக ஒரு திட்டம் இல்லை.

அந்தத் திட்டத்தைச் சங்கத்திடம் எதிர்பார்ப்பதும் ஓரளவுக்கு மேல் சரியல்ல. சங்கம் உறுப்பினரின் சந்தாவில் நடப்பது. அது உறுப்பினருக்காகப் பேசும். மாணவனுக்காகப் பேச வேண்டிய இடம் சட்டத்தில் தனியே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் மறு கட்டமைப்பு செய்யப்பட்டன. பல ஊர்களில் தலைமையாசிரியர் நீட்டும் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியர் தரப்பு முழு வலுவோடும் பெற்றோர் தரப்பு பெயரளவிலும் இருக்கும் ஒரு பள்ளியில், முன்னதன் வலுவைக் குறைத்தால் சரியாகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பின்னதை வலுப்படுத்தினால்தான் சரியாகும் என்பது என் கருத்து.

உங்கள் மனைவிக்கு ஒரு செய்தி. சங்கமாகச் சேரும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் அவருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் உள்ள இடர் அவருக்கே தெரியும், நான் இங்கிருந்து அறிவுரை சொல்வது எளிது. ஆனால் பணிக்கொடைக்குச் சங்கம் தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் பள்ளியில் ஐந்தாண்டு தொடர் பணி முடித்தவருக்கு, வேலையை விடும்போது, கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் கணக்கில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் சேர வேண்டும். பள்ளி மாறினாலும் நிர்வாகம் நீக்கினாலும் அதைக் கேட்கலாம். தராவிட்டால் தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவருடைய நியமன ஆணை, சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் பதிவுகள், வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் விடுவித்து ஜூனில் புதிய ஆணை கொடுக்கும் பள்ளியாக இருந்தால், பழைய ஆணைகள் அத்தனையும் வேண்டும். பணி தொடர்ச்சியானது என்று காட்ட அவையே உதவும்.