வாசகர் கேள்வி – பதில்: நரம்புக் கலமும் அதன் துணைக் கலங்களும்

கேள்வி: கிளியாக் கலங்கள் நரம்புக் கலங்களைத் தாங்கிப் போசணை கொடுக்கின்றன, கணத்தாக்கத்தை (நரம்பில் ஓடும் மின்சமிக்ஞையை) கடத்துவதில்லை என்று படிக்கிறோம். ரியூசனில், நரம்புக் கலங்களைவிடப் பத்து மடங்கு கிளியா இருக்கிறது என்றும் சொன்னார்கள். தாங்குவதற்கு மட்டும் இவ்வளவு கலங்கள் எதற்கு?
– உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: பத்து மடங்கு என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். 2009 இல் பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழுவினர் மூளை இழையத்தைக் கரைத்து, கலங்களின் கருக்களை மட்டும் பிரித்து எண்ணினார்கள். மனித மூளையில் நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 86 பில்லியன். மற்றக் கலங்கள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 85 பில்லியன்தான். இடத்துக்கு இடம் வித்தியாசமும் பெரிது: மூளியில் (சிறுமூளையில்) நரம்புக் கலங்கள் மிக அதிகம், மூளைய மேற்பட்டையில் மற்றக் கலங்கள் அதிகம்.

கணத்தாக்கத்தைக் கடத்துவதில்லை என்பது சரி, பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். ஆனால் அஸ்ட்ரோசைற்று என்ற கிளியாக் கலம் இல்லாவிட்டால் கணத்தாக்கமே ஒழுங்காக நடக்காது. நரம்புக் கலம் தூண்டப்படும் ஒவ்வொரு முறையும் பொற்றாசியம் அயன்கள் வெளியே வருகின்றன. கலத்துக்கு வெளியே அதன் செறிவு வழமையாக லீற்றருக்கு 3 மில்லிமோல் அளவில் இருக்கும். கடுமையான தூண்டலில் 10, 12 வரை ஏறும். அது ஏற ஏற, −70 மில்லிவோல்ற்று அளவில் இருந்த ஓய்வு அழுத்தம் பூச்சியத்தை நோக்கி நகர்கிறது. கலம் முதலில் தேவையில்லாமல் தூண்டப்படும், பிறகு சோடியம் வாயில்கள் செயலிழந்து அடங்கிப்போகும். வெளியே தேங்கும் பொற்றாசியத்தை உள்ளெடுத்து அப்பால் கொண்டுபோய் விடுவது அஸ்ட்ரோசைற்று. நரம்புக் கலங்கள் சந்திக்கும் நரம்பிணைப்பில் செய்தி கடத்தக் கொட்டப்படும் குளுட்டமேற்று என்ற இரசாயனத்தை அள்ளுவதும் பெரும்பாலும் அதுதான். ஒரு குளுட்டமேற்றை உள்ளே எடுக்க 3 சோடியம் அயன்கள் கூடவே நுழைகின்றன. பிறகு அதைக் குளுட்டமினாக மாற்றி நரம்புக் கலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இது தடைப்பட்டால், தேங்கிய குளுட்டமேற்றே நரம்புக் கலத்தைக் கொன்றுவிடும்.

அஸ்ட்ரோசைற்றுகள் தமக்குள் சமிக்ஞையும் அனுப்புகின்றன. வளர்ப்புத் தட்டிலுள்ள அஸ்ட்ரோசைற்றுகளுக்குக் குளுட்டமேற் கொடுத்தால், கல்சியம் அலை ஒன்று கலத்திலிருந்து கலத்துக்குப் பரவும் என்று 1990 இல் காட்டினார்கள். கணத்தாக்கம் மில்லிசெக்கனில் முடியும், இந்த அலைக்குச் செக்கன்கள் பிடிக்கும். அப்படித் தூண்டப்பட்ட அஸ்ட்ரோசைற்று, உயிருள்ள மூளையில் தானும் குளுட்டமேற்றை வெளிவிட்டு நரம்புக் கலத்துக்குச் செய்தி சொல்கிறதா என்பதில் ஆய்வாளரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருங்கள். முளையத்தில் மேற்பட்டையின் பெரும்பாலான நரம்புக் கலங்கள் பிறப்பதே ஆரைக் கிளியா என்ற நீண்ட கலத்திலிருந்துதான். பிறந்த கலம் அதே கிளியாவின் நாரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறித் தன் இடத்துக்குப் போகிறது.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். போலிக் அமிலக் குளிசையை எப்போது தொடங்க வேண்டும்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இப்போதே. கருக்கட்டி 28 நாள் அளவில் சிசுவின் நரம்புக் குழாய் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் என்று தெரியவரும் நேரமும் அதுதான், அதன்பின் தொடங்கினால் பிந்திவிடும். குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும். முந்திய பிள்ளைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு வேறு, அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்தக் கிழமையே பேசுங்கள்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கண்ணாடி வெட்டி, மணிக்கட்டில் சின்னவிரல் பக்க நரம்பு அறுந்து, சத்திரசிகிச்சையில் தைத்தார்கள். இரண்டு மாதமாகியும் சின்னவிரலில் உணர்ச்சி இல்லை. "பொறுங்கோ, வளரும்" என்கிறார்கள். உண்மையாகவே வளருமா? அப்படியென்றால் முள்ளந்தண்டில் அடிபட்டவர்களுக்கு ஏன் வளர்வதில்லை?
– தாய், சுன்னாகம்

பதில்: வளரும் அம்மா. இரண்டு மாதத்தில் விரல் நுனியில் உணர்ச்சி வராததை வைத்துத் தையல் பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தைத்தது நரம்பின் உறையைத்தான். உள்ளே இருந்த அக்சன்களில் (நரம்புக் கலத்தின் நீண்ட நார்களில்), வெட்டுக்கு அப்பால் விரல் பக்கம் இருந்த பகுதி சில நாளிலேயே சிதைந்து போய்விட்டது. அது திரும்ப ஒட்டாது. வெட்டுக்கு மேலே உள்ள முனையிலிருந்து புதிதாக வளர்ந்துதான் வர வேண்டும். அதற்கு வழி செய்வது ஷ்வான் கலம் என்ற கிளியாக் கலம். அக்சன் சிதைந்ததும் அது, அதன்மேல் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றும் வேலையை விட்டுவிட்டுப் பெருகுகிறது. கழிவை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்களுடன் சேர்ந்து பழைய மயலினைத் துப்புரவாக்குகிறது. பிறகு வெறுமையான குழாய்க்குள் வரிசையாக நின்று வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. பாகற்கொடி பந்தல் கயிற்றைப் பிடித்து ஏறுவதுபோல அக்சன் அந்த வரிசையைப் பற்றிக்கொண்டு போகிறது. வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மணிக்கட்டிலிருந்து சின்னவிரல் நுனிக்கு 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 150 நாள். வெட்டைத் தாண்டத் தொடக்கத்தில் பிடிக்கும் சில கிழமைகளையும் கூட்டினால் ஆறு மாதமாகும்.

வளர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விரல் நுனியிலிருந்து தழும்பை நோக்கி, நரம்பு போகும் வழியில் உங்கள் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் சின்னவிரலுக்குள் மின்சாரம் பட்டதுபோலச் சுரீரென்று ஓடும். வளரும் முனை இருப்பது அந்த இடத்தில். தழும்பிலிருந்து அதன் தூரத்தை அளந்து திகதியுடன் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்னே போனால் நல்லது. மூன்று மாதமாக அதே இடத்தில் நின்றால், அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அதற்காகக் காத்திருந்து கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம்.

அதுவரை மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். உணர்ச்சியில்லாத விரல் சுடுவதை அறியாது, தேநீர்க் குவளையையும் சூடான பாத்திரத்தையும் மற்றக் கையால் பிடிக்கப் பழக்குங்கள். மோதிரவிரலும் சின்னவிரலும் கொக்கிபோல மடங்கத் தொடங்கும், பிசியோதெரபிஸ்ற் காட்டியபடி தினமும் மற்றக் கையால் நீட்டி மடக்கி, கொடுத்த தாங்கியையும் போட வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தும் விரல் அசையாது. புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நரம்பு வந்த புதிதில் ஓரிடத்தைத் தொட்டால் இன்னோரிடத்தில் தெரியும், ஏனென்றால் எல்லா அக்சனும் தன் பழைய குழாய்க்குள்ளேயே போவதில்லை. கண்ணால் பார்த்தபடி தொட்டு, பிறகு கண்ணை மூடித் தொட்டுப் பழகினால் மூளை திருத்திக்கொள்ளும்.

இதில் காலம் முக்கியம். நரம்பு எட்டாத தசை, ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்தில் அதை ஏற்கும் தன்மையை இழக்கிறது, காத்திருக்கும் ஷ்வான் கலங்களும் சோர்கின்றன. தோளருகே அறுந்த நரம்பு விரல்வரை வந்துசேரத் திணறுவது அதனால்தான். உங்கள் மகனுக்கு வெட்டு மணிக்கட்டில் என்பதால் தூரம் குறைவு.

முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணில் ஷ்வான் கலம் இல்லை. அங்கே மயலின் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைற்று என்ற வேறு கிளியாக் கலம். சிதைந்த மயலின் அங்கே மாதக்கணக்கில் அகலாமல் கிடக்கிறது. அதிலுள்ள நோகோ போன்ற புரதங்கள் அக்சன் முனையைச் சுருங்க வைக்கின்றன. அடிபட்ட இடத்தில் அஸ்ட்ரோசைற்றுகள் தழும்பு கட்டுகின்றன. அந்தத் தழும்பு அழற்சி பரவாமல் காக்கவும் செய்கிறது என்பதால் அதை வெறும் எதிரியாக நினைக்கக்கூடாது. 1981 இல் மொன்றியலில் டேவிட், அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையே பாலமாகப் பொருத்தினார்கள். வளராது என்று கருதப்பட்ட மைய நரம்புத் தொகுதி அக்சன்கள் அந்தத் துண்டுக்குள் 3 சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்தன. வளரும் திறன் நரம்புக் கலத்தில் இருந்தது, சுற்றியிருந்த கிளியாதான் வேறு.

கேள்வி: பேத்தை மீனை நன்றாக அவித்தால் நஞ்சு போகும் என்கிறார்களே?
– வாசகர், குருநகர்

பதில்: போகாது. அதிலுள்ள ரெற்றோடொற்றொக்சின் சமையல் சூட்டுக்கு அழிவதில்லை. நரம்பு மென்சவ்விலுள்ள சோடியம் வாயிலை அது வெளியிலிருந்து அடைக்கிறது, அதனால் கணத்தாக்கம் கிளம்பாது. ஈரலிலும் சினையிலும் அதிகம், சில இனங்களில் தோலிலும் தசையிலும் உண்டு. சாப்பிட்டுப் பெரும்பாலும் முக்கால் மணித்தியாலத்துக்குள் உதடும் நாக்கும் விறைக்கும். பிறகு கைகால் சோரும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மாற்று மருந்து இல்லை. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து முதல் 24 மணித்தியாலத்தைக் கடத்தினால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். உதடு விறைத்த உடனேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், விழுங்க முடியாதவருக்கு எதையும் பருக்கக் கூடாது.

கேள்வி: பிறந்த எலிக்குட்டிகளின் மேற்பட்டையிலிருந்து அஸ்ட்ரோசைற்று வளர்க்க முயல்கிறோம். கலங்கள் விரிப்பாகக் கழன்று வருகின்றன, மைக்ரோகிளியா என்ற வேறு கிளியாக் கலமும் கலந்துவிடுகிறது. எங்கே பிழை?
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

பதில்: கழன்று வருவதற்கு வழமையான காரணம், கலம் ஒட்டுவதற்காகத் தட்டில் பூசும் பொலிலைசின். பூசியபின் கிருமிநீக்கிய நீரால் மூன்று முறை கழுவாவிட்டால் மிச்சம் கலத்துக்கு நஞ்சாகும். ஊடகத்தைக் குளிராக, நேரே கலங்களின் மேல் ஊற்றுவதும் விரிப்பை உரிக்கும். 37 பாகைக்குச் சூடாக்கி, எதிர்ச் சுவர் வழியே விடுங்கள்.

மென்மூளையுறையை எடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1–2 நாள் குட்டிகளின் மேற்பட்டையை ஐஸ் மேல் வைத்த கரைசலில், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, குருதிக்கலன்களோடு தெரியும் அந்த மெல்லிய சவ்வை இடுக்கியால் முழுதாக உரியுங்கள். துண்டு மிஞ்சினால் நார்க்கலங்கள் பெருகி எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு 10 வீதச் சீரம் சேர்த்த ஊடகம், 5 வீதக் காபனீரொட்சைட்டு, மறுநாளும் அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும் ஊடக மாற்றம். மின்வெட்டின்போது இன்குபேட்டர் கதவைத் திறக்க வேண்டாம். ஊடகம் ஊதாவுக்கு மாறினால் வாயு குறைந்துவிட்டது, மஞ்சளானால் ஊடகம் மாற்றப் பிந்திவிட்டது.

7–10 நாளில் அடித்தளம் நிறைந்ததும் அதன்மேல் வட்டமாக ஒளிரும் கலங்கள் தெரியும், மைக்ரோகிளியா அவைதான். மூடியை இறுக்கி நிமிடத்துக்கு 180 சுழற்சியில் அரை மணித்தியாலம் குலுக்கி அந்த ஊடகத்தை அகற்றுங்கள். புது ஊடகமிட்டு 240 சுழற்சியில் 6 மணித்தியாலம் குலுக்கினால் ஒலிகோடென்ட்ரோசைற்று முன்னோடிகளும் போகும். அடித்தளம் நிறையுமுன் குலுக்கினால் எல்லாமே கழன்றுவிடும். மிஞ்சியதை ஜிஎஃப்ஏபி (அஸ்ட்ரோசைற்றைக் காட்டும் புரதம்), ஐபா1 (மைக்ரோகிளியாவைக் காட்டும் புரதம்) ஆகியவற்றுக்கான பிறபொருளெதிரி நிறமூட்டலால் சரிபாருங்கள். சீரத்தில் வளர்ந்த அஸ்ட்ரோசைற்று தட்டையாக இருக்கும், மூளைக்குள் உள்ளதுபோலக் கிளைவிடாது. ஆகவே இந்தத் தட்டில் காணும் மரபணு வெளிப்பாட்டை மூளைக்குப் பொருத்தி எழுதுமுன், சீரமில்லாத ஊடகத்திலும் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள்.